அவித்த நெல் முளைக்காது: ‘ஞானம் அடைதல்’ என்றால் என்ன?

‘ஞானம்’ என்ற சொல் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் எங்கெங்கே நடமாடுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். கடைவாயில் பிந்தி முளைத்து இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் பல் ஞானப்பல். புளியந்தீவில் கத்தோலிக்கக் குழந்தையின் தலையில் தண்ணீர் வார்த்தால் அது ஞானஸ்நானம். குழந்தையை ஏந்தி நிற்பவர்கள் ஞானத்தாயும் ஞானத்தந்தையும். காத்தான்குடிப் பக்கம் பழைய ஆட்கள் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாட்டுகளை மெய்ஞ்ஞானப் பாட்டுகள் என்பார்கள். கோயில் பிரசங்கத்தில் ஞானம் என்பது சரியை, கிரியை, யோகம் என்ற மூன்றுக்கும் மேலே உள்ள நான்காவது படி. புத்தர் வாரணாசிக்கு அருகே செய்த முதல் உபதேசத்தில், தமக்குள் என்ன உதித்தது என்று சொல்லும் இடத்திலும் பாளியில் இதே சொல்தான் வருகிறது. ஒரு பிள்ளை நான்கு வீட்டிலும் சோறு தின்கிறது. திரிவது ஒரே பிள்ளைதானா, பெயர் மட்டும்தான் ஒன்றா?

இந்தக் கேள்வி என்னுடையதல்ல. உயர்தரத்துக்கு இந்து நாகரிகம் படிக்கும் என் அக்காவின் மகள் கேட்டது. “மாமா, புத்தர் ஞானம் அடைந்தார் என்கிறார்கள். மாணிக்கவாசகரும் அடைந்தார் என்கிறார்கள். இரண்டு பேரும் அடைந்தது ஒன்றா?” கல்முனை பஸ் ஆரையம்பதியைத் தாண்டிக்கொண்டிருந்தது. “எல்லாம் ஒன்றுதான் பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். சர்வமதக் கூட்டங்களில் பொன்னாடை போர்த்தியபின் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. மரியாதையான வாக்கியம், விடையாக இல்லை என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை. அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது என் இரண்டாம் முயற்சி.

முதலில், எல்லோரும் உடன்படுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்குப் படிக்கும் அறிவு சேர்க்கச் சேர்க்க வளர்வது. சமயங்கள் ஞானம் என்று சொல்வது பெரும்பாலும் கழிப்பதால் வருவது. நம் பார்வையை ஏதோ மறைத்துக்கொண்டிருக்கிறது, அது நீங்கினால் உள்ளது உள்ளபடி தெரியும் என்பதுதான் எல்லோருக்கும் பொதுவான அடித்தளம். அதற்கு மேலே கட்டடம் எழும்பும்போதுதான் வேறுபாடு தொடங்குகிறது. மறைப்பது எது? அதை நீக்குவது யார்? நீங்கியபின் மிஞ்சுவது என்ன? மூன்றாவது கேள்வியில் ஆட்கள் உண்மையாகவே பிரிகிறார்கள்.

இதை விளக்க எனக்குத் தெரிந்த வழி அம்மம்மாவின் முற்றம் வழியாகத்தான் போகிறது. படுவான்கரையில் அவர் வீட்டில் நெல் அவிப்பதென்றால் முதல்நாளே நெல்லை ஊறப் போட்டுவிடுவார். விடியுமுன் மூன்று கல் வைத்த அடுப்பில் கிடாரம் ஏறும். எரிப்பதற்கு விறகு, இடையிடையே ஒரு கை உமி. சற்று நேரத்தில் அவியும் நெல்லின் அந்தக் கனத்த மணம் அடுத்த வளவு வரைக்கும் போய்விடும். அம்மம்மா அகப்பையால் கொஞ்சம் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உமி மெல்ல வாய் திறந்திருந்தால் பதம். இறக்கிப் பாயில் பரப்பிவிட்டு, கோழி கலைக்க என்னைக் கையில் ஒரு கம்புடன் இருத்திவிடுவார்.

ஒருமுறை எதிர்பாராத மழை. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தபோது, மூடையிலிருந்து சிந்திய பச்சை நெல் ஊசி ஊசியாக முளைத்து நின்றது. அதன் பக்கத்திலேயே பாயிலிருந்து சிந்திய அவித்த நெல்லும் கிடந்தது. ஊறி உப்பியிருந்தது, முளையைக் காணவில்லை. இரண்டும் ஒரே வயல், ஒரே உமி, ஒரே நிறம். அம்மம்மாவிடம் கேட்டேன். “அவித்த நெல் எப்படி மகன் முளைக்கும்?” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

நெல், உமி, நெருப்பு, விறகு. ஞானத்தைப் பற்றிப் பேசிய பெரியவர்கள் ஒவ்வொருவரும் இந்த அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

உமியை எடுத்தவர்கள்

சைவ சித்தாந்திகள் எடுத்தது உமியை. உயிருக்கு ஆணவ மலம் எப்படி என்றால் நெல்லுக்கு உமிபோல, செம்புக்குக் களிம்புபோல என்பது அவர்களின் பழைய உவமை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரிசி முதலில் விளைந்து, பிறகு யாரோ வந்து அதற்கு உமி போர்த்தவில்லை. நெல் என்று ஒன்று உண்டான நாள் முதலே உமியும் கூட இருக்கிறது. அதுபோல உயிரை ஆணவம் எப்போது பிடித்தது என்ற கேள்விக்கு இடமே இல்லை, அது அநாதி. ஆனால் கூடவே இருந்தாலும் உமி அரிசியாகாது. ஆகவே நீக்க முடியும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஆணவம் என்றால் பேச்சு வழக்கில் திமிர், தலைக்கனம். சித்தாந்தத்தில் அதன் பொருள் அதுவல்ல. உயிரின் அறிவை மூடிக்கொண்டிருக்கும் இருள் என்பதுதான். கூனிக் குறுகி நிற்பவனிடமும் ஆணவ மலம் முழுதாக இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவம் இதைச் சாதாரண இருட்டோடு ஒப்பிட்டு, ஆணவத்துக்கே முதற்பரிசு கொடுக்கிறார். மின்சாரம் போன இரவில் கதிரையும் மேசையும் தெரியாது. ஆனால் இருட்டு இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவமோ மற்றப் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. மறைக்கப்பட்டிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் மறைப்பது அது. இதைவிடக் கூர்மையாக அறியாமையை விளக்கிய இரண்டு வரி எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

உமி தானாகக் கழலாது. அரிசியும் எழுந்து உமியைத் தள்ளாது. மலம் பக்குவப்பட வேண்டும். அப்போது இறைவனின் அருள் உயிரில் பதிய வேண்டும். முன்னதை மலபரிபாகம் என்றும் பின்னதைச் சத்திநிபாதம் என்றும் பாடப்புத்தகம் சொல்லும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சுருக்கித் தந்த சித்தாந்தத்தில் இதற்கு ஓர் அழகான காட்சி வருகிறது. வேடர்களிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னை வேடன் என்றே நினைத்துத் திரிகிறான். அரசன் வந்து, ‘நீ என் மகன்’ என்று சொல்கிறான். மகன் அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கவில்லை. யார் என்று தெரிந்துகொள்கிறான், அவ்வளவுதான். வேடர்கள் ஐவர், ஐம்புலன்கள். அரசனோ குருவாக வரும் இறைவன்.

சரி, உமி போனபின் என்ன மிஞ்சும்? அரிசி மிஞ்சும். அதாவது உயிர் அழிவதில்லை. சிவத்தோடு கூடி நிற்கிறது, ஆனால் சிவமாகிவிடுவதில்லை. ‘கூடுகிறது, ஒன்றாகவில்லை’ என்றால் எப்படி? உமாபதி சிவம் இதற்கு இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கிறார். தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் புணர்ந்தால் தாடலை. தாளின் ‘ள்’ போய்விட்டது, தலையின் ‘த’வும் போய்விட்டது, இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு ‘ட’ நிற்கிறது. காதுக்கு ஒரே சொல். பொருளிலோ தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. இறைவனின் தாளில் உயிரின் தலை படிவதைச் சொல்ல வேறு எந்த இரண்டு சொல்லை எடுத்திருந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்காது. புணர்ச்சி விதி படிக்கக் கசந்த காலத்தில் யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இந்த நிலைக்குத் தமிழில் வீடு என்றும் பெயர். ‘விடு’ நீண்டு ‘வீடு’ ஆயிற்று. கட்டுகிற வீட்டுக்கும் விட்டுப் பெறுகிற வீட்டுக்கும் ஒரே சொல்தான். கல்வீடு கட்டக் கடன் எடுத்தவர்களுக்கு இது விளங்கச் சற்று நேரம் ஆகும்.

முளைக்காத விதை

பௌத்தர்கள் எடுத்தது விதையை. அம்பாறை நகரில் அதிகாலையில் ஒலிபெருக்கியில் கேட்கும் பிரித் ஓதலில் இரத்தன சூத்திரம் அடிக்கடி வரும். அதன் கடைசிப் பகுதியில், பழைய வினை தேய்ந்தவர்கள், புதிய வினை சேராதவர்கள், விதை அழிந்தவர்கள், இந்த விளக்கைப்போல அணைகிறார்கள் என்று ஒரு பாட்டு இருக்கிறது. பாளி தெரியாததால் நெடுங்காலம் எனக்கு அது வெறும் இராகமாகவே இருந்தது. பொருள் தெரிந்த அன்று அம்மம்மாவின் முற்றம் கண்முன் வந்தது.

முதலில் சொற்களைச் சரிசெய்ய வேண்டும். புத்தர் அடைந்ததற்குப் ‘போதி’ என்று பெயர். அதன் பொருள் விழிப்பு. புத்தர் என்றால் விழித்தவர். ஆங்கிலத்தில் அதை வெளிச்சம் சார்ந்த ஒரு சொல்லால் பெயர்த்தார்கள். நாம் அதைத் திரும்பத் தமிழாக்கி ‘ஒளி பெற்றார்’ என்கிறோம். விழித்தவரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்காமல் இருந்தால் போதும். அடுத்த சொல் நிர்வாணம். தமிழ் வகுப்பில் இந்தச் சொல் வந்ததும் பின்வரிசை சிரிக்கும். பாளியில் நிப்பானம் என்றால் அணைதல். அணைவது எது என்றும் சூத்திரங்கள் தெளிவாகச் சொல்கின்றன: ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீ.

பௌத்தத்தில் மறைப்பது அறியாமை. மணிமேகலை அதைப் ‘பேதைமை’ என்று அழகாகத் தமிழில் சொல்லி, அதிலிருந்து தொடங்கும் பன்னிரண்டு கண்ணிகளை அடுக்குகிறது. பேதைமையால் வேட்கை, வேட்கையால் பற்று, பற்றினால் பிறப்பு என்று சங்கிலி ஓடும். நீக்குவது யார் என்ற கேள்விக்குத் தேரவாத பௌத்தத்தின் விடை சுருக்கமானது: நீங்கள்தான். புத்தர் வழி காட்டுவார், நடக்க மாட்டார். நடையிலும் நான்கு கட்டம் உண்டு. ஓடையில் இறங்கியவர், அதிகம் போனால் ஏழு பிறவிக்குள் முடிப்பார். பிறகு ஒரே முறை திரும்பி வருபவர், திரும்பி வராதவர், கடைசியில் அரகந்தர். ‘நான்’ என்று ஒரு நிலையான பொருள் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கை முதல் கட்டத்திலேயே கழன்றுவிடும். ஆனால் ‘நான் இருக்கிறேன்’ என்ற மெல்லிய செருக்கின் வாசனை கடைசிக் கட்டம் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெருங்காயம் வைத்த டப்பாவைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி அந்த மூன்றாவது கேள்வி. மிஞ்சுவது என்ன? வச்சகோத்தர் என்ற ஒரு துறவி புத்தரிடம் இதையே துருவித் துருவிக் கேட்டார். விழித்தவர் இறந்தபின் இருக்கிறாரா, இல்லையா? புத்தர் எதிர்க்கேள்வி போட்டார். உன் முன்னே எரிந்த தீ அணைந்தால், அது கிழக்கே போனதா மேற்கே போனதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? கேள்வியே பொருந்தாது என்றார் வச்சகோத்தர். எரிபொருள் இருந்தது, எரிந்தது, தீர்ந்தது, அணைந்தது. புத்தரின் திருநாளான வெசாக் முடிந்த மறுநாள் காலையில் விளக்குக் கூட்டுக்குள் எரிந்து முடிந்த மெழுகுதிரியைப் பார்த்து, சுடர் எந்தப் பக்கம் போனது என்று தேடுகிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஆகவே எல்லாம் சூனியம்’ என்று முடிவு கட்டுவதையும் புத்தர் மறுத்தார். இருக்கிறார் என்பதும் பொருந்தாது, இல்லை என்பதும் பொருந்தாது.

சைவனிடம் அரிசி மிஞ்சுகிறது. பௌத்தரிடம் மிஞ்சுவதைப் பற்றிப் பேச்சே நின்றுவிடுகிறது. மருமகளுக்கு நான் பஸ்ஸில் சொன்ன விடை ஏன் பிழை என்பதற்கு இந்த ஒரு வேறுபாடு போதும்.

பாணமையிலிருந்து உகந்தைமலைக்குப் போகும் வழிக்குச் சற்று உள்ளே குடும்பிகல என்ற காட்டு மடம் இருக்கிறது. பாறைக் குகைகளில் பிக்குகள் தியானம் செய்யும் இடம். ஆடி மாதத்தை ஒட்டிக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் அரோகரா சொல்லிக்கொண்டு உகந்தைக்குப் போய், அங்கிருந்து குமணக் காட்டுக்குள் இறங்குவார்கள். ஒரு பக்கம் கூப்பிட்டு அழைத்து அருளைக் கேட்கும் கூட்டம். மறுபக்கம் யாரையும் கூப்பிடாமல் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும் மனிதர். இரு சாராரும் தேடுவது கட்டு அவிழ்வதைத்தான்.

கயிறும் உப்புப் பொம்மையும்

வேதாந்தத்தின் உவமைகள் முற்றத்துக்கு வெளியே கிடைத்தவை. மங்கலில் கிடந்த கயிற்றைப் பாம்பு என்று பயந்தவன், விளக்கைக் கொண்டுவந்ததும் சிரித்துக்கொள்கிறான். பாம்பு ஓடிப்போகவில்லை, முதலிலேயே இல்லை. அத்வைதத்தில் உமியைக் குற்றி நீக்கும் வேலைகூட இல்லை, உமி என்று ஒன்று இருப்பதாக நினைத்ததுதான் மயக்கம். நீங்கியபின் உயிரும் பிரம்மமும் இரண்டல்ல. இராமகிருஷ்ணர் சொன்ன உப்புப் பொம்மை கடலின் ஆழம் அளக்க இறங்கியது; கரைந்துபோனது; ஆழம் எவ்வளவு என்று திரும்பி வந்து சொல்ல ஆளில்லை. தாடலை சொன்ன சித்தாந்திக்கு இந்த முடிவு பிடிக்காது. இரு தரப்பாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள், நம் ஊர்த் திருவிழா மேடைகளிலும் அது சில இரவுகளில் நடக்கும்.

இராமகிருஷ்ணரின் பெயர் வந்ததால், அவர் வழி வந்த மடத்துத் துறவி ஒருவரைப் பற்றி ஓர் இடைச்செருகல். 1892இல் காரைதீவில் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, விஞ்ஞான ஆசிரியராக இருந்த மயில்வாகனம், 1924இல் துறவு பெற்று சுவாமி விபுலாநந்தர் ஆனார். அதற்கு முன் பிரமசரிய நிலையில் அவருக்கு இட்ட பெயர் பிரபோத சைதன்யர். பிரபோதம் என்றால் நன்கு விழித்தல். புத்தர், போதி, மெய்கண்டாரின் சிவஞானபோதம், இந்தப் பிரபோதம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கல்லடியில் அவரது சமாதியில், வள்ளலின் அடிக்கு வெள்ளை மல்லிகையும் வேண்டாம், உள்ளக் கமலமே வேண்டும் என்ற அவரது பாட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்வைத மடத்துத் துறவியின் சமாதியில் அன்பின் பாட்டு. கோட்பாட்டுப் பெட்டிகள் மனிதர்களுக்கு எப்போதும் அளவாக அமைவதில்லை.

ஞானம் திடீர் என்று வருமா, மெல்ல மெல்ல வருமா என்பதும் பழைய சண்டை. சீனத்துச் சென் பௌத்த மரபில் இதற்கு ஒரு நெற்கதை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் ஹுயிநெங் என்ற எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர் ஒரு மடத்தில் எட்டு மாதம் நெல் குற்றிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் குரு உலக்கையடிக்கு வந்து, ‘அரிசி ஆயிற்றா?’ என்று கேட்டார். ‘எப்போதோ ஆயிற்று, புடைப்பதுதான் பாக்கி’ என்றார் ஹுயிநெங். குரு கேட்டதும் அவர் சொன்னதும் அரிசியைப் பற்றியதல்ல. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் ‘எப்பவோ முடிந்த காரியம்’ என்று அடிக்கடி சொல்வார். அந்த உலக்கைச் சத்தம் இங்கேயும் கேட்டிருக்கிறது.

புகை, தீ, சூடு

இஸ்லாத்தில் இந்தப் பேச்சு அதிகம் இருப்பது சூபி மரபில். முஸ்லிம்கள் எல்லோரும் அதை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பலருக்கு இறைகட்டளைப்படி வாழ்வதும் மறுமையில் ஈடேற்றம் பெறுவதுமே முதன்மை. ஆகவே இங்கே சொல்வதை மெய்ஞ்ஞானிகளின் வழி என்று மட்டும் கொள்ளுங்கள்.

அவர்கள் உறுதிப்பாட்டை மூன்றாகப் பிரிப்பார்கள், சொற்கள் குர்ஆனில் இருந்து வந்தவை. இல்முல் யகீன், அய்னுல் யகீன், ஹக்குல் யகீன். தூரத்து வளவில் புகை எழுவதைப் பார்த்து அங்கே அடுப்பு எரிகிறது என்று அறிவது முதலாவது. கிட்டப் போய்த் தீயைக் கண்ணால் காண்பது இரண்டாவது. கையைச் சுட்டுக்கொள்வது மூன்றாவது. நம்மில் பெரும்பாலானோர் சமயத்தைப் பற்றிப் பேசுவது புகையைப் பார்த்துத்தான், இந்தக் கட்டுரையும் சேர்த்தே.

இமாம் கஸ்ஸாலியின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். பக்தாதின் மிகப் பெரிய கல்விக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் சொன்னவர். 1095இல் ஒருநாள் நாக்கு எழவில்லை, வகுப்பில் பேச முடியவில்லை, உணவும் இறங்கவில்லை. பதவியை விட்டுவிட்டுப் புறப்பட்டார். பின்னர் எழுதும்போது, ஆரோக்கியத்தின் வரைவிலக்கணம் தெரிந்திருப்பதும் ஆரோக்கியமாக இருப்பதும் எவ்வளவு வேறானவை என்று கேட்டார். தாம் தெளிவு பெற்றது வாதங்களை அடுக்கியதால் அல்ல, இறைவன் உள்ளத்தில் போட்ட ஓர் ஒளியால் என்றும் சொன்னார். சூபிகள் இந்த நேரடி அறிவுக்குச் ‘சுவை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தேன் இனிக்கும் என்பதை எத்தனை பக்கம் எழுதினாலும் நாக்குக்கு எட்டாது.

மறைப்பது நஃப்ஸ், தன் இச்சையே பெரிது என்று இழுக்கும் அகம். அதைத் தேய்க்கத்தான் இறைவனை நினைந்து ஓதும் திக்ரும், கூடியிருந்து ஓதும் ராத்திபு மஜ்லிஸும். தேய்ந்து தேய்ந்து ‘நான்’ அழிவது ஃபனா. இங்கே நின்றுவிட்டால் உப்புப் பொம்மைதான். ஆனால் ஜுனைத் போன்ற நிதானமான சூபிகள் அதற்கு அப்பால் பகா என்ற நிலையைச் சொன்னார்கள்: இறைவனைக் கொண்டு மீண்டும் நிலைத்தல். அழிந்தவர் திரும்பி வந்து, அடியானாகவே சந்தைக்குப் போகிறார், பிள்ளைகளுக்குச் சோறு தேடுகிறார். ‘நானே மெய்’, அதாவது நானே இறைவன், என்று சொன்னதாகக் கூறப்படும் சூபி ஹல்லாஜ் 922இல் பக்தாதில் கொல்லப்பட்டார். அவர் சொன்னது அகந்தையின் உச்சமா, அகந்தை அழிந்ததன் அடையாளமா என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

ஈர விறகு

கிறிஸ்தவத்தின் மையச் சொல் ஞானமல்ல, மீட்பு. மறைப்பது பாவம், நீக்குவது கிறிஸ்துவின் வழியாக வரும் கடவுளின் அருள். இந்த இடத்தில் சைவனும் கிறிஸ்தவனும், பௌத்தனை விட்டுவிட்டு, ஒரே திண்ணையில் உட்காரலாம். எனினும் ஞானஸ்நானம் என்ற தமிழ்ச் சொல்லை முதலில் ஆக்கியவர் கெட்டிக்காரர். ஆதித் திருச்சபையில் கிரேக்க மொழி பேசியவர்கள் அந்தச் சடங்கை ‘ஒளியூட்டல்’ என்றே அழைத்தார்கள். இன்றும் கிறிஸ்து உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா இரவில் கோயில் விளக்கெல்லாம் அணைந்திருக்க, வெளியே மூட்டிய தீயில் பாஸ்காத் திரியை ஏற்றி, அதிலிருந்து ஒருவர் திரியை மற்றவர் பற்றவைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அந்த வழிபாட்டுக்குப் பெயர் பாஸ்காத் திருவிழிப்பு. விழிப்பு என்ற சொல் இங்கேயும் வந்து நிற்கிறது.

அடுப்படியில் விறகை எடுத்தவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை அருளப்பர். தம் சொந்தச் சபையினராலேயே ஒன்பது மாதம் சிறை வைக்கப்பட்டவர். அவர் சொல்கிறார்: ஈர விறகில் தீ பற்றினால் முதலில் என்ன நடக்கிறது? தண்ணீர் கசிகிறது, கறுக்கிறது, நாறுகிறது, புகைகிறது. பார்ப்பவனுக்கு விறகு முன்னைவிடக் கேடாகிவிட்டதுபோல் தெரியும். உள்ளிருந்த ஈரமெல்லாம் போனபின்தான் விறகு தீப்போல் ஒளிரும். செபத்தில் இனிமை வற்றி, கடவுள் கைவிட்டதுபோல் தோன்றும் காலத்தை அவர் இருண்ட இரவு என்றார். மார்கழி மழையில் நனைந்த விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மம்மாவைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தத் துறவி அடுப்பு மூட்டத் தெரிந்தவர் என்று உறுதியாகச் சொல்வேன். விறகு தீயின் ஒளியிலும் சூட்டிலும் பங்கு பெறும். ஆனாலும் படைத்தவர் படைத்தவரே, படைக்கப்பட்டது படைக்கப்பட்டதே.

மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியான ஜோன் வெஸ்லி, 1738 மே 24 அன்று இலண்டனில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது தம் உள்ளம் விநோதமாகச் சூடேறியதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பெரிய தரிசனம் எதுவும் இல்லை, சற்றுச் சூடு.

நீக்குவது யார் என்பதில் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்ற வைணவர் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். வடகலையார் குரங்கின் பக்கம், தென்கலையார் பூனையின் பக்கம். எந்தச் சமயத்திலும் இந்த இரண்டு கட்சியும் இருக்கின்றன.

மருமகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் கேட்டது வேறு. “ஒருவர் அடைந்துவிட்டார் என்று எப்படித் தெரியும் மாமா?” நியாயமான கேள்வி. மூன்று நாளில் ஞானம், மதிய உணவு உட்படக் கட்டணம் இவ்வளவு என்று ஓர் அறிவித்தல் என் கைத்தொலைபேசிக்கும் வந்தது. பௌத்த பிக்குகளின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயத்தில் இதற்குக் கடுமையான விதி இருக்கிறது. சங்கத்திலிருந்து மீளாமல் விலக்கப்படும் குற்றங்கள் நான்கு. உடலுறவு, களவு, மனிதக் கொலை. நான்காவது, அடையாத உயர்நிலையை அடைந்ததாகப் பொய் சொல்வது. உண்மையாகவே அடைந்திருந்தாலும் அதை இல்லறத்தாரிடம் சொல்லித் திரிவதும் சிறு குற்றம்தான். கண்டவர் விண்டிலர் என்று தமிழில் சொன்னதும் இதைத்தான். மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஒலிக்காமல், திரைக்குப் பின்னே பூசை செய்கிறார். திரைக்கு இப்பால் நிற்பவர்கள் கைகூப்பி நிற்பார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

“அடைந்த பிறகு என்ன செய்வார்கள்?”

மரபுக் கணக்கில் புத்தர் விழித்தபோது வயது 35. இறந்தபோது 80. இடைப்பட்ட 45 ஆண்டும் நடந்தார், பேசினார், பிச்சை ஏற்றார். அவித்த நெல் முளைக்காதே தவிர, மழையில் நனையும், வெயிலில் காயும். ஒருமுறை கபிலவத்துவில் அவரது குலத்தாரான சாக்கியர்கள் புதிதாகக் கட்டிய மண்டபத்துக்கு அவரை அழைத்தார்கள். இரவு வெகுநேரம் வரை பேசினார். பிறகு பக்கத்தில் இருந்த சீடர் ஆனந்தரிடம், “முதுகு நோகிறது. நீ தொடர்ந்து சொல், நான் சற்றுச் சாய்கிறேன்” என்றார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார். ஆனந்தர் சாக்கியர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.